ஒரு சொல்லில் ஒரு வாழ்க்கை

(இளங்கலை வரலாறு, மூன்றாம் ஆண்டு)

அரசனுக்குக் கல்வெட்டு உண்டு. வள்ளலுக்குச் செப்பேடு உண்டு. போரில் வென்றவனுக்குப் பாட்டு உண்டு. ஏர் உழுதவனுக்கும் செருப்புத் தைத்தவனுக்கும் என்ன உண்டு? பெரும்பாலும் ஒன்றும் இல்லை. ஆயினும் ஐரோப்பிய நாடுகளில் இத்தகைய எளிய மனிதனையும் ஓர் ஏடு மறவாமல் குறித்து வைத்திருக்கிறது. அதுதான் தேவாலயப் பதிவேடு. அவன் திருமுழுக்குப் பெற்ற நாள், மணம் புரிந்த நாள், அடக்கம் செய்யப்பட்ட நாள் ஆகிய மூன்றும் அதில் இருக்கும். நான்காவதாக, பல இடங்களில், ஒரே ஒரு சொல்லும் இருக்கும். அது அவன் செய்த தொழில்.

அறுபது ஆண்டுகள் வெயிலிலும் பனியிலும் உழைத்த ஒருவனைப் பற்றி உலகம் விட்டுவைத்த குறிப்பு அந்த ஒரு சொல்தான் என்றால், அதை நாம் எவ்வளவு கவனமாகப் படிக்க வேண்டும்!

ஆவணவியல் தாளுக்காக அயல்நாட்டுப் பதிவேடு ஒன்றைப் பற்றிக் கட்டுரை எழுதி வருமாறு எங்கள் வகுப்பில் பணித்தார்கள். நான் ஹங்கேரி நாட்டைத் தேர்ந்தேன். "உலகில் வேறு நாடா இல்லை?" என்று நண்பர்கள் நகைத்தார்கள். அந்நாட்டின் பதிவேடுகள் ஒரே குடும்பத்தைப் பற்றி இலத்தீனிலும் ஜெர்மனிலும் ஹங்கேரிய மொழியிலும் பேசுகின்றன. ஒரு சொல்லின் பொருள் காலத்தால் எவ்வாறு மாறுகிறது என்பதைக் காண அதைவிடத் தக்க இடம் எனக்குக் கிடைக்கவில்லை. 1895 வரையிலான அந்நாட்டுச் சமயப் பதிவேடுகள் பல நுண்படமாக எடுக்கப்பட்டு, இன்று கணினித் திரையில் காணக் கிடைக்கின்றன. தம் முன்னோரைத் தேடும் மக்கள் பல நாடுகளிலிருந்தும் அவற்றைப் புரட்டுகின்றனர்.

அவ்வாறு தேடுவோரில் பலர் செய்யும் ஒரு பிழையைப் பற்றியே இக்கட்டுரை. ஏட்டில் உள்ள தொழிற்பெயருக்கு அகராதியில் ஒரு பொருளைப் பார்த்து, அதை எழுதிக்கொண்டு, மூலச் சொல்லை விட்டுவிடுகிறார்கள். ஐந்து வேறு சொற்கள் ஐந்து முறையும் 'விவசாயி' என்றே ஆகிவிடுகின்றன. இதை வெறும் மொழிபெயர்ப்புக் குறை என்று தள்ளிவிட என் மனம் ஒப்பவில்லை. இறந்தவனிடம் எஞ்சியிருந்த ஒன்றையும் நாம் பறித்துவிடுகிறோம் என்பதே என் கருத்து.

பதிவேடு வந்த வழி

திருமணங்களுக்குப் பங்குக்குரு ஏடு வைக்க வேண்டும் என்று கத்தோலிக்கத் திருச்சபை திரெந்து சங்கத்தில் 1563-ஆம் ஆண்டு விதித்தது. ஹங்கேரியின் நடுப்பகுதி அப்போது துருக்கியர் ஆட்சியில் இருந்தது. தலைநகரான பூடா 1541 முதல் 1686 வரை அவர்கள் கையில் இருந்தது. ஆகவே அந்நாட்டுச் சிற்றூர்களின் ஏடுகள் பெரும்பாலும் பதினேழாம் நூற்றாண்டின் இறுதியிலோ பதினெட்டாம் நூற்றாண்டிலோதான் தொடங்குகின்றன. 1827-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று ஏட்டின் இரண்டாம் படியை மாவட்ட ஆவணக் காப்பகத்தில் வைக்கச் செய்தது. 1895 அக்டோபர் முதல் நாள் தொடங்கிப் பிறப்பு, மணம், இறப்பு மூன்றையும் அரசே பதியலாயிற்று.

இந்த ஏடுகளின் மொழி மாறிய வரலாறும் நாம் அறிய வேண்டுவதாகும். நெடுங்காலம் நாட்டின் ஆட்சிமொழி இலத்தீன். பேரரசர் இரண்டாம் ஜோசப் 1784-இல் ஜெர்மனைப் புகுத்தினார். எதிர்ப்பு மிகுந்ததால் 1790-இல் அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டது. 1844-ஆம் ஆண்டுச் சட்டம் ஹங்கேரிய மொழியை ஆட்சிமொழி ஆக்கியது. அந்தப் பத்தாண்டிலேயே பதிவேடுகளும் இலத்தீனை விட்டு ஹங்கேரிய மொழிக்கு மாறலாயின. 1920-இல் திரியனோன் உடன்படிக்கையால் நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அயல்நாடுகளுக்குச் சென்றது. எனவே ஒரு குடும்பத்தின் ஏடு இன்று சுலோவாக்கியாவிலோ ருமேனியாவிலோ செர்பியாவிலோ இருக்கலாம்.

இவ்வளவு மாற்றங்களுக்கு இடையே எழுதப்பட்ட ஒரு தொழிற்பெயருக்கு, எக்காலத்துக்கும் பொருந்தும் ஒரே பொருளை அகராதி எப்படித் தர முடியும்?

உழவர் எல்லாரும் ஒருவரா?

இலத்தீன் ஏடுகளில் மூன்று சொற்கள் அடிக்கடி வருகின்றன. ஒன்று, 'கொலோனுஸ்'. இரண்டு, 'இன்குவிலினுஸ்'. மூன்று, 'சுபின்குவிலினுஸ்'. மூவரும் சிற்றூரில் வாழ்ந்தவர்கள். மூவரும் மண்ணில் உழைத்தவர்கள். 'விவசாயி' என்று எழுதிவிட்டால் வேலை முடிந்தது போலத் தோன்றும்.

ஆனால் பேரரசி மரியா தெரசா 1767-இல் வெளியிட்ட நில ஒழுங்குமுறையை அருகில் வைத்துப் பார்த்தால் உண்மை விளங்கும். ஹங்கேரிய மொழியில் 'யொப்பாஜ்' எனப்படும் கொலோனுஸ், நிலக்கிழாரின் கீழ் இருந்தாலும் தனக்கென வகுக்கப்பட்ட ஒரு நிலப்பங்கை உழுதவன். அப்பங்குக்கு 'டெலெக்' என்று பெயர். முழுப் பங்கு உடையவனுக்கு வீட்டு மனையும், மாவட்டத்தையும் மண்ணின் தரத்தையும் பொறுத்து 16 முதல் 40 ஹோல்ட் வரை உழுநிலமும் உண்டு. ஒரு ஹோல்ட் என்பது ஏறத்தாழ ஓர் ஏக்கர். இதற்கு ஈடாக அவன் ஆண்டுக்கு 52 நாள் தன் மாடுகளோடும் வண்டியோடும் நிலக்கிழாருக்கு உழைக்க வேண்டும். மாடு இல்லையேல் 104 நாள் கையுழைப்புத் தர வேண்டும். அரைப் பங்கும் கால் பங்கும் உடையவர்கள் அதற்கேற்பக் குறைவாக உழைத்தார்கள். இந்தக் கட்டாய உழைப்புக்கு ஹங்கேரிய மொழியில் 'ரோபோட்' என்று பெயர். 1920-இல் செக் எழுத்தாளர் கரேல் சாபெக் தம் நாடகத்தின் வழியே உலகுக்கு வழங்கிய 'ரோபோ' என்னும் சொல்லும் இதே ஸ்லாவிய வேரில் பிறந்ததே.

இன்குவிலினுஸ் எனப்பட்டவனை ஹங்கேரிய மொழி 'ஜெல்லேர்' என்று அழைத்தது. அவனுக்கு வீடு உண்டு. நிலப்பங்கு இல்லை, அல்லது கணக்கில் வராத சிறு துண்டுதான் உண்டு. அவன் ஆண்டுக்கு 18 நாள் கையால் உழைக்க வேண்டும். சுபின்குவிலினுஸ் என்பவனுக்கு வீடும் இல்லை; பிறர் வீட்டில் ஒண்டிக் குடியிருந்தவன். அவனுக்கு 12 நாள்.

52, 18, 12 என்னும் இந்த எண்களைக் கவனியுங்கள். இவை மூன்று வகையான வாழ்க்கைகள். ஊரில் யார் முன்னே உட்கார்ந்தான், யார் மகளை யார் வீட்டில் கேட்கத் துணிந்தான், பஞ்சம் வந்தபோது யார் முதலில் ஊரைவிட்டுப் போனான் என்பனவெல்லாம் இந்த வேறுபாட்டோடு பின்னிக் கிடந்திருக்கும். பதிவேட்டை எழுதிய குருவுக்கு இது தெரிந்திருந்தது. ஆதலால்தான் அவர் ஒரே சொல்லை எழுதாமல் மூன்று சொற்களைத் தேர்ந்து எழுதினார். அவர் பிரித்து எழுதியதை ஒன்றாகக் கலக்க நமக்கு என்ன உரிமை?

ஒரு சொல், ஒரு நிலம்

இவ்வேறுபாடு மானத்தோடும் மதிப்போடும் மட்டும் நிற்கவில்லை. 1848-ஆம் ஆண்டு வந்தது. அவ்வாண்டின் ஏப்ரல் சட்டங்கள் கட்டாய உழைப்பையும் பிற நிலக்கடமைகளையும் ஒழித்தன. உழுதவனுக்கே அவன் உழுத பங்கு சொந்தம் ஆயிற்று. நிலக்கிழாருக்கு அரசு ஈடு கொடுக்கும் என்றும் முடிவாயிற்று. 1853-இல் வெளியான பேரரசின் ஆணை இதை நடைமுறைப்படுத்தும் வழிகளை வகுத்தது.

வரலாற்று நூல்களில் இப்பகுதியைப் படிக்கும்போது நம் நெஞ்சு மகிழ்கிறது. ஆனால் ஒரு கேள்வி எழ வேண்டும். எந்தப் பங்கு? டெலெக் உடையவனுக்கு டெலெக் கிடைத்தது. டெலெக் இல்லாத ஜெல்லேருக்கு? அவனுக்கு விடுதலை கிடைத்தது, சிலருக்கு வீடும் கொல்லையும் கிடைத்தன, உழுநிலம் கிடைக்கவில்லை. தலைமுறை தலைமுறையாகப் பங்குகள் பிரிந்து பிரிந்து சிறுத்துவிட்டதால், 1848-க்குள் நாட்டுப்புற மக்களில் பெரும்பாலோர் ஜெல்லேர்களாகவே ஆகிவிட்டிருந்தனர் என்பதையும் மறக்கலாகாது.

ஆகவே 1840-ஆம் ஆண்டின் பதிவேட்டில் தந்தையின் பெயருக்கு எதிரே எழுதியிருந்த சொல், பத்து ஆண்டுகளில் மகன் நிலத்துக்கு உரியவனா கூலிக்கு உரியவனா என்பதைக் காட்டும் குறியாக நின்றது. அந்தச் சொல்லைத்தான் நாம் 'விவசாயி' என்று எழுதி மூடிவிடுகிறோம்!

விளக்கத்துக்காகக் கற்பனையாக ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். 1770-இல் பாட்டன் அரைப் பங்கு உடைய கொலோனுஸ். 1800-இல் மகன் கால் பங்கு உடைய கொலோனுஸ். 1830-இல் பேரன் இன்குவிலினுஸ். 1870-இல் கொள்ளுப்பேரன் 'நப்ஸாமோஷ்', அதாவது நாட்கூலி. 1900-இல் அவன் மகன் புடாபெஸ்டு நகரில் ஆலைத் தொழிலாளி. படிப்படியாக இறங்கி, இறுதியில் ஊரையே விட்டு வெளியேறிய ஒரு குடும்பத்தின் துயரம் இந்த ஐந்து குறிப்புகளில் இருக்கிறது. முதல் நான்கையும் 'விவசாயி' என்று பெயர்த்தால் என்ன கிடைக்கும்? தலைமுறை தலைமுறையாக அமைதியாக உழுதுகொண்டிருந்து, திடீரென்று நகரத்துக்கு ஓடிப்போன ஒரு குடும்பம் கிடைக்கும். "பட்டணத்து ஆசை" என்று நாம் அதற்கு ஒரு காரணமும் கற்பித்துக்கொள்வோம்.

விடுதலைக்குப் பின் வந்த சொற்கள்

1848-க்குப் பின் ஏடுகளில் 'ஃபோல்ட்மூவெஷ்' என்ற சொல் மிகுதியாக வருகிறது. 'ஃபோல்ட்' என்றால் நிலம். நிலத்தில் தொழில் செய்பவன் என்பது பொருள். 'உழவன்' என்ற சொல்லை இதற்குத் தாராளமாகத் தரலாம். ஆனால் சொந்த நிலம் உடையவனுக்கும் இதை எழுதினார்கள். சிறு துண்டோடு பிறர் நிலத்திலும் உழைத்தவனுக்கும் இதை எழுதினார்கள். ஆகவே இச்சொல் வரும் இடத்தில் நிலம் எவ்வளவு என்று கேட்டுக்கொண்டே படிக்க வேண்டும்.

'நப்ஸாமோஷ்' என்பதில் 'நப்' நாளையும், 'ஸாம்' எண்ணிக்கையையும் குறிக்கும். எண்ணிய நாளுக்குக் கூலி பெற்றவன். 'பேரெஷ்' என்பவன் ஆண்டுக் கூலிக்கு அமர்ந்த பண்ணை ஆள். 'பேர்' என்றால் கூலி. 'செலேட்' என்பது பணியாள் என்னும் பொதுச்சொல். நகரத்தில் அது வீட்டு வேலைக்காரியைக் குறிக்கும். பெரும்பண்ணையில் அது குடும்பத்தோடு தங்கி, ஆண்டு ஒப்பந்தத்தில், தானியமும் தங்க இடமுமே பெருங்கூலியாகப் பெற்று உழைத்தவனைக் குறிக்கும். இதைத் தமிழில் 'பண்ணையாள்' என்று எழுதலாமே என்று எனக்கும் தோன்றியது. ஆனால் அவ்வாறு எழுதிய உடனே நம் வயலும் நம் பண்ணையும்தான் கண்முன் வந்தன; ஹங்கேரியச் செலேட் மறைந்துவிட்டான்.

அவனைக் காண வேண்டுவோர் கவிஞர் இல்யேஷ் ஜூலாவின் நூலைத் தேடிப் படிக்கலாம். அந்நாட்டு வழக்கப்படி குலப்பெயரை முன்னும் இயற்பெயரை பின்னும் வைத்து இப்பெயரைச் சொல்கிறேன். அவர் 1902-இல் டோல்னா மாவட்டத்தில் அத்தகைய ஒரு பண்ணையில் பிறந்தவர். தாம் பிறந்த பண்ணைக் குடியிருப்புகளின் மக்களைப் பற்றி 1936-இல் நூல் எழுதியவர். அக்குடியிருப்புகளுக்கு அப்பகுதியில் 'புஸ்தா' என்று பெயர். பூகோளப் பாடத்தில் புஸ்தா என்றால் புல்வெளி என்று படித்திருக்கிறோம். ஆனால் பதிவேட்டில் ஒருவனின் இருப்பிடம் 'புஸ்தா' என்று முடிந்தால், அவன் புல்வெளியில் இருந்தான் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அவன் பெரும்பண்ணையின் குடியிருப்பில் இருந்திருக்கலாம். அப்போது தொழிற்பெயரும் ஊர்ப்பெயரும் சேர்ந்தே பொருள் தரும்.

'கெர்டேஸ்' என்ற சொல்லுக்கு அகராதி 'தோட்டக்காரன்' என்று பொருள் தரும். மாளிகைத் தோட்டத்தில் ரோசாச் செடிக்கு நீர் ஊற்றும் ஒருவரை நாம் எண்ணிக்கொள்வோம். ஆனால் தென் சமவெளியில் 'புகையிலைக் கெர்டேஸ்' என்போர் இருந்தனர். நிலக்கிழாரின் நிலத்தில் ஒப்பந்தத்தின் பேரில் குடியேறிப் புகையிலை பயிரிட்ட ஏழை மக்கள் அவர்கள். அவ்வட்டாரத்து ஏட்டில் வெறும் 'கெர்டேஸ்' என்று இருந்தாலும் இவர்களை நினைவில் கொள்ள வேண்டும்.

'கூபிகோஷ்' என்பவன் மண் வெட்டுபவன். தோண்டிய மண்ணைக் கன அளவால் அளந்து கூலி கொடுத்ததால் இப்பெயர். திசா ஆற்றைச் சீர்படுத்தும் பெரும்பணி 1846-இல் தொடங்கியது. அதே ஆண்டில் நாட்டின் முதல் இருப்புப்பாதையும் திறக்கப்பட்டது. அணைக்கும் பாதைக்கும் கரை எழுப்பியவர்கள் ஒற்றைச் சக்கர வண்டி தள்ளிய இந்த மனிதர்களே. 'கூலியாள்' என்று எழுதினால் தவறில்லை. ஆனால் ஓர் ஆற்றின் போக்கையே மாற்றியவன் என்ற செய்தி போய்விடுகிறது.

மேய்ப்பரிலும் ஒரே இனம் இல்லை. குதிரை மேய்ப்பவன் 'சிகோஷ்'. மாட்டு மந்தை மேய்ப்பவன் 'குயாஷ்'. ஆடு மேய்ப்பவன் 'யுஹாஸ்'. பன்றி மேய்ப்பவன் 'கனாஸ்'. இன்று உலகெங்கும் உணவகங்களில் கிடைக்கும் 'கூலாஷ்' என்னும் இறைச்சிக் குழம்பு, குயாஷ் மாட்டுக்காரர்கள் வெட்டவெளியில் கொப்பரையில் சமைத்த உணவின் பெயரே. உணவு உலகப் புகழ் பெற்றது. சமைத்தவன் 'இடையன்' என்ற பொதுச்சொல்லுக்குள் ஒடுங்கிப் போனான்.

சொல் நிற்கும், ஆள் மாறுவான்

சில சொற்கள் காலந்தோறும் ஆளை மாற்றிக்கொண்டே வந்திருக்கின்றன. 'யொப்பாஜ்' என்ற சொல்லையே பாருங்கள். 'யோப்' என்றால் 'மேலான' என்று பொருள். ஆர்பாடு மரபு மன்னர்களின் தொடக்கக் காலத்தில் அரசனைச் சூழ்ந்திருந்த பெருமக்களைக் குறித்த சொல் அது. பிற்காலத்தில் அதே சொல் நிலக்கிழாருக்குக் கட்டுப்பட்ட குடியானவனைக் குறித்தது.

'ஹய்டூ' என்பது இன்னொரு சொல். முதலில் மாட்டு மந்தைகளை நெடுந்தொலைவு ஓட்டிச் சென்றவர்கள் ஹய்டூக்கள். ஆயுதம் ஏந்திப் பழகிய அவர்கள் பின்னர்ப் போர்வீரர் ஆனார்கள். 1605-இல் இளவரசர் போச்கோய் அவர்களுக்கு நிலமும் சலுகையும் அளித்துக் குடியமர்த்தினார். பிற்காலத்தில் மாவட்ட அலுவலகத்திலும் நகர மன்றத்திலும் சீருடை அணிந்து நின்ற ஏவலரையும் ஹய்டூ என்றே அழைத்தார்கள். 1850-ஆம் ஆண்டு ஏட்டில் 'ஹய்டூ' என்று கண்டு, "என் முப்பாட்டன் போர்வீரன்" என்று ஒருவர் பெருமை கொண்டால், அவர் நகர மன்றத்து வாயிற்காவலருக்கு வாள் கொடுத்துவிட்டார் என்றே கொள்ள வேண்டும்.

இலத்தீனும் நம்மை ஏமாற்றும். 'மெர்செனாரியுஸ்' என்றால் ஆங்கிலம் படித்த நமக்குக் கூலிப்படை வீரன் நினைவுக்கு வருவான். ஊர்ப் பதிவேட்டில் அவன் வயலில் கூலிக்கு உழைத்தவனே.

'நெமெஷ்' என்றால் உயர்குடியாளன். இது தொழிலே அன்று. சட்டம் தந்த தகுதி. ஆயினும் தொழில் எழுத வேண்டிய இடத்தில் இது நிற்கும். உடனே மாளிகையும் குதிரை வண்டியும் நம் நினைவில் எழும். ஹங்கேரியரே அத்தகையோரில் ஒரு சாராரை 'ஏழு பிளம் மரக்காரர்' என்று நகையாடினர். பட்டம் உண்டு, சொத்து என்று சொல்ல வீட்டுக் கொல்லையில் ஏழு மரங்களே உண்டு என்பது அதன் பொருள். அவர்களில் பலர் தம் நிலத்தைத் தாமே உழுதவர்கள்.

கைவினைஞரும் எழுத்துப் பிழையும்

கைத்தொழிற் பெயர்களில் வேறு வகை ஆபத்து இருக்கிறது. மர மிடா செய்பவனை மேற்குப் பகுதியில் 'பின்டேர்' என்றனர். வடகிழக்கில் 'போட்நார்' என்றனர். 'காடார்' என்ற பெயரும் உண்டு. மூன்றும் ஒரே தொழில். எந்தச் சொல் என்பது அவன் எவ்வட்டாரத்தான் என்பதற்கும், எழுதியவர் எவ்வட்டாரத்தார் என்பதற்கும் ஒரு குறிப்பு. 'போக்நார்' என்றாலோ வண்டியும் சக்கரமும் செய்பவன். போட்நார், போக்நார் இரண்டுக்கும் மூல எழுத்தில் வேறுபாடு ஓர் எழுத்துத்தான். மங்கிய மையில், விரைந்து எழுதிய கையெழுத்தில், மிடா செய்தவன் சக்கரம் செய்தவனாக மாறிவிட ஒரு நொடி போதும்.

'லெகேன்' என்ற சொல்லும் அத்தகையதே. தொழிற்பெயரின் பின்னே வந்தால், பயிற்சி முடித்து ஆசான் ஆகாத கைவினைஞன் என்று பொருள். திருமணப் பதிவில் தனியே வந்தால், மணமாகாத இளைஞன் என்று பொருள். கைவினைஞர் சங்கங்கள் 1872-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழியும் வரை, ஆசான், லெகேன், 'இனஷ்' எனப்பட்ட பயிற்சிச் சிறுவன் என்னும் படிகள் கடுமையாகக் காக்கப்பட்டன. 'செருப்புத் தைப்பவர்' என்று மட்டும் எழுதினால், அவர் தம் பட்டறையில் அமர்ந்திருந்தாரா பிறர் பட்டறையில் குனிந்திருந்தாரா என்பது தெரியாமலே போகும்.

குலப்பெயரை நம்பியும் ஏமாறக் கூடாது. கோவாச் என்றால் கொல்லன். ஸபோ என்றால் தையற்காரன். மோல்நார் என்றால் மாவு அரைக்கும் ஆலைக்காரன். தகாச் என்றால் நெசவாளி. இவையெல்லாம் அந்நாட்டில் மிகப் பரவலான குலப்பெயர்கள். எந்தக் காலத்திலோ ஒரு முன்னோன் செய்த தொழில் அது. கோவாச் குலத்தான் நெசவு நெய்திருக்கலாம். தகாச் குலத்தான் பன்றி மேய்த்திருக்கலாம். ஏடு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதும்போது எது பெயர், எது தொழில் என்று பிரித்தறிவது படிப்பவர் கடமை.

எழுதாமல் விட்ட கட்டம்

இவ்வளவும் ஆண்களைப் பற்றி. பெண்களின் பெயருக்கு எதிரே பெரும்பாலும் தொழில் எழுதப்படவில்லை. இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள், இன்னாரின் கைம்பெண் என்பதோடு நின்றுவிட்டது. அறுவடையில் கதிர் கட்டியவளும், நூல் நூற்றவளும், பசுவைக் கறந்தவளும் அந்த ஏட்டில் தொழில் இல்லாதவர்கள். விதிவிலக்காக மருத்துவச்சி ஒருத்தி தென்படுகிறாள். இலத்தீனில் 'ஒப்ஸ்டெட்ரிக்ஸ்', ஹங்கேரிய மொழியில் 'பாபா'. பிறந்த குழந்தை பிழைக்காது என்று அஞ்சிய வேளையில், குரு வரும்வரை காத்திராமல் அவளே திருமுழுக்குக் கொடுத்தாள் என்று சில பதிவுகள் கூறுகின்றன. அவள் செய்த பணி சமய விதிக்கு வேண்டியதாக இருந்தது. அதனால் அவள் ஏட்டில் ஏறினாள். காலியாக உள்ள கட்டத்தைக் கண்டு "தொழில் இல்லை" என்று எழுதிவிடுவதும் ஒரு மொழிபெயர்ப்புப் பிழையே.

மறுப்பாரும் உளர்

"இவ்வளவு நுட்பம் யாருக்கு வேண்டும்? தாத்தாவின் தாத்தா என்ன செய்தார் என்று அறிய ஆசைப்படும் ஒருவருக்கு, வாயில் நுழையாத அயற்சொற்களையா கொடுப்பது? பொதுவாக ஒரு சொல் சொன்னால் போதாதா?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். அவர் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. விளங்காத சொல்லும் ஒருவகையில் மறைந்த சொல்லே. ஆகவே விளக்கம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விளக்கம் மூலத்தின் பக்கத்தில் அமர வேண்டும்; மூலத்தை எழுப்பிவிட்டு அதன் இடத்தில் அமரக் கூடாது என்றே சொல்கிறேன்.

"ஏட்டை எழுதிய குரு மட்டும் சரியாக எழுதினாரா? மூத்த குழந்தையின் பதிவில் தந்தையை உழவன் என்றும், இளைய குழந்தையின் பதிவில் நாட்கூலி என்றும் எழுதியிருக்கிறாரே" என்று மற்றொருவர் கேட்கலாம். உண்மை. ஆனால் அதைப் பிழை என்று முடிவு செய்யும் முன் சற்று நிற்க வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்கு இடையே நிலம் கைமாறியிருக்கலாம். சிறு துண்டு நிலம் உடையவன் தன் வயலில் உழவனாகவும் அடுத்தவன் வயலில் கூலியாகவும் ஒரே ஆண்டில் இருந்திருக்கலாம். புதிய குரு வந்து, புதிய கண்ணால் அவனைப் பார்த்திருக்கலாம். இரண்டையும் குறித்து வைத்தால்தான் இக்கேள்விகள் பிறக்கும். ஒன்றைத் திருத்தி மற்றொன்றோடு ஒன்றாக்கினால் கேள்வியே இறந்துவிடும்.

இன்று இப்பழைய கையெழுத்தைப் படிக்கும் வேலையைக் கணினியும் ஏற்றுக்கொண்டிருக்கிறது. பெயரைத் தட்டினால் பதிவு வந்து நிற்கிறது. இதனால் விளையும் நன்மை பெரிது. ஆயினும் வேகம் மிகுந்த இடத்தில் பொதுச்சொல்லின் ஆட்சியும் மிகும். ஒருவர் ஒருமுறை 'விவசாயி' என்று பெயர்த்த பிழை, முன்பு அவர் குறிப்பேட்டோடு நின்றது. இன்று தேடுவோர் எல்லார்க்கும் அது செல்கிறது.

முடிவாக

நான் வேண்டுவன மூன்றே. முதலாவது, ஏட்டில் உள்ள சொல்லை உள்ளவாறே எழுதிக்கொள்வோம். இரண்டாவது, அது எந்த ஆண்டில், எந்த மொழியில், எந்த ஊரில் எழுதப்பட்டது என்பதையும் உடன் எழுதுவோம். மூன்றாவது, அதே காலத்து வேறோர் ஆவணத்தோடு ஒப்பிடாமல் பொருள் முடிவு செய்யாதிருப்போம். இதற்குச் சான்றுகள் இல்லாமல் இல்லை. 1767-இன் ஒழுங்குமுறையைத் தொடர்ந்து ஊர்தோறும் எழுதப்பட்ட அட்டவணைகளில் ஒவ்வொரு குடியானவனின் பங்கும் கடமையும் உள்ளன. 1828-இன் நாடு தழுவிய வரிக் கணக்கெடுப்பில் கொலோனுஸ், இன்குவிலினுஸ், சுபின்குவிலினுஸ் மூவருக்கும் தனித்தனிக் கட்டங்கள் உள்ளன. பதிவேடு சொல்லைத் தரும். இவை அச்சொல்லின் எடையைத் தரும்.

வரலாறு பயிலும் நாம் பெரிய நிகழ்ச்சிகளுக்கு ஆண்டும் நாளும் தவறாமல் எழுதப் பழகியிருக்கிறோம். ஓர் அரசனின் பட்டப்பெயரில் ஓர் எழுத்துப் பிழைத்தால் பேராசிரியர் மதிப்பெண்ணைக் குறைப்பார், அது முறையே. வீடும் நிலமும் இன்றிப் பிறர் வீட்டில் ஒண்டி வாழ்ந்து மறைந்த ஒரு சுபின்குவிலினுசுக்கும் அந்த ஒரு சொல்தான் பட்டப்பெயர். அதையும் பிழையின்றி எழுதுவோம்.